சோறு குறைந்த தட்டு

நுழையும்முன்

சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை குறையும் என்பது இன்று ஏறத்தாழ எல்லாரும் அறிந்த செய்தி. சோற்றைக் குறைத்தவரின் மனம் என்ன ஆகிறது என்று கேட்பவர் சிலரே. சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு நண்பகல் உணவு வேளையிலிருந்து இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

உணவு இடைவேளை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உணவு இடைவேளை தொடங்கியதும் இயந்திரங்களின் இரைச்சல் தணிந்து, உணவுப் பெட்டிகள் திறக்கப்படும் ஓசை எழும். எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாடையின்மீது தாளித்த கடுகின் மணமும் பெருங்காயத்தின் மணமும் படரும். பெட்டிகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், புளிச்சோறும் அப்பளமும், சாம்பார்ச் சோறும் வடகமும், இறுதியில் தயிர்ச்சோறும் ஊறுகாயும். சோற்றுக்குத் துணையாக வருவதும் மாவுச்சத்தே என்பதை அங்கு யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பசித்த வேளையில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஒருவர் பெட்டியிலிருந்து மற்றவர் ஒரு பிடி எடுப்பதும், "உங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சலுக்கு ஈடு இல்லை" என்று பாராட்டுவதும், ஊருக்குப் போய்வந்தவர் கொண்டுவந்த ஊறுகாய் வட்டமாகச் சுற்றிவருவதும் அந்த அரைமணி நேரத்தின் வழக்கங்கள்.

அண்மைக்காலமாக அந்த வட்டத்தில் வேறுபட்ட பெட்டி ஒன்றையும் காண முடிகிறது. அவித்த முட்டை இரண்டு, அவரைக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், கொஞ்சம் தயிர்; சோறு ஒரு கைப்பிடி அளவே இருக்கும், அல்லது அதுவும் இராது. முதல் நாள் அதைக் கண்டவர்கள், "என்ன அண்ணே, வீட்டில் சண்டையா?" என்று சிரிப்பார்கள். அடுத்த கேள்வி சற்றுத் தாழ்ந்த குரலில் வரும்: "சர்க்கரையா?" அதற்குத் தலையசைப்பே விடையாகும். மறுநாளிலிருந்து அந்தப் பெட்டியில் யாரும் கைவைப்பதில்லை. அந்தப் பெட்டிக்காரரும் பிறருடைய புளிச்சோற்றில் கைவைப்பதில்லை. அன்புடன் விலக்கிவைக்கப்பட்ட நிலை அது. உடலின் கணக்கில் அவர் நன்மையே செய்துகொண்டிருக்கிறார். மனத்தின் கணக்கு என்ன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

நெல் விளைந்த நிலம்

இப்பகுதியில் சோறு என்பது வெறும் உணவுப்பொருளாக இருந்ததில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவை குடிநீருக்கும் நடைப்பயிற்சிக்கும் உரியவையாக இன்று அறியப்படுகின்றன. ஏரி என்ற பெயரே அவற்றின் பழைய தொழிலைச் சொல்லிவிடும். அவற்றின் மதகுகளுக்குக் கீழே நெல் விளைந்தது. திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. அங்கு உருவான நெல் வகைகள் 'டி.கே.எம்.' என்ற எழுத்துகளைத் தாங்கி வருவன. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பல்லாண்டுக்காலம் வெந்த ஐ.ஆர்.20 அரிசியின் பெற்றோரில் ஒன்று டி.கே.எம்.6 என்பது, இரயிலில் திரூரைக் கடந்து செல்வோரில் பலரும் அறியாத செய்தி.

பிறகு நிலம் தன் வேலையை மாற்றிக்கொண்டது. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தது. 1960களில் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' பீரங்கி வண்டிகள் வெளிவந்தன. 1964இல் தொழிற்பேட்டை உருவாயிற்று. உழுதவரின் மகன் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றார். அவருடைய மகள் இன்று அதே தொழிற்பேட்டையில் எழுந்துள்ள கண்ணாடிக் கட்டடத்தில் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். மூன்று தலைமுறையில் உடல் உழைப்பு படிப்படியாகக் குறைந்தது. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் பழைய உழவரின் பசிக்கு உரியதாகவே நின்றுவிட்டது.

அது நின்றதற்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொல்வது நேர்மையாகாது. எளிய குடும்பங்களில் தாத்தா பாட்டி காலத்து நாள்தோறும் உணவு கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறுமாக இருந்தது. நெல்லை விளைவித்தவர் வீட்டிலேயே நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருமணத்திற்கும் உரியதாக இருந்தது. வெண்மையான சோறு நாள்தோறும் தட்டில் விழுவது ஒரு குடும்பம் வறுமையைக் கடந்துவிட்டதன் அடையாளம். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற உறுதிமொழி எத்துணை ஆற்றல் பெற்றிருந்தது என்பது தமிழ்நாட்டு வரலாறு. 2008இல் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடைகளில் கிடைத்தது. பசியை அறிந்த முதியவர் ஒருவரிடம் "சோற்றைக் குறையுங்கள்" என்று சொன்னால், அவர் காதில் அது மருத்துவ அறிவுரையாக விழுவதற்கு முன், பழைய பஞ்சத்தின் குரலாக விழக்கூடும். இதை உணராமல் கொடுக்கப்படும் உணவுப்பட்டியல் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகிறது.

எண்கள் சொல்வன

ஆயினும் குறைக்க வேண்டிய தேவை உண்மையானது. இந்தியாவில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவு காண முயன்றோருள் முன்னோடி மருத்துவர் மு. விசுவநாதன். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அவர் அப்பணியைத் தொடங்கினார். அவருடைய மகனான மருத்துவர் வி. மோகன், மருத்துவர் ஆர்.எம். அஞ்சனா ஆகியோரின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நாடு முழுவதும் பெரும் ஆய்வொன்றை நடத்தியது. 2023இல் வெளியான அதன் முடிவுகளின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது; மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர்.

அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியாயிற்று. இந்தியர் ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது காட்டியது. வெள்ளை அரிசிக்கு மாற்றாகக் கோதுமையையோ சிறுதானியத்தையோ உண்டு, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால் நீரிழிவு வாய்ப்புக் குறைவதாகத் தெரியவில்லை. அதன் ஒரு பகுதியைப் பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தால் ஈடுசெய்யும்போதே பயன் தென்பட்டது. இரவில் சோற்றை நீக்கிவிட்டு நான்கு சப்பாத்தி உண்பவர் இச்செய்தியை இருமுறை படிக்கலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும், தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டவேண்டாம் என்று 2024இல் தன் வழிகாட்டுதலில் குறிப்பிட்டுள்ளது. சோற்றை அறவே ஒழிக்குமாறு இவற்றுள் எதுவும் கூறவில்லை.

குருதியில் ஏறும் அலை

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ளது. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதன் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் அதற்குத் தேவை. எனவே குருதியில் குளுக்கோஸ் ஏறுவதையும் இறங்குவதையும் மனம் உணராமல் இருக்க இயலாது.

தட்டு நிறையச் சோறு உண்டவரின் குருதியில் குளுக்கோஸ் விரைந்து ஏறும். அதை அடக்க இன்சுலின் பெருகும். உண்டபின் வரும் அயர்வைத் தமிழர் 'உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு' என்று பழமொழியாக்கி மன்னித்துவிட்டனர். தொழிற்சாலையில் பிற்பகல் இரண்டு மணிக்கு அது மன்னிக்கப்படுவதில்லை. நான்கு மணிக்குள் மீண்டும் ஒரு வெறுமை தலைகாட்டும். வாயிலுக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் சர்க்கரை மிகுந்த தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் அதை நிரப்பும். அலை மறுபடி எழும்.

நீரிழிவு உடையவரிடம் இந்த அலை இன்னும் உயரமானது. சர்க்கரை மிகுந்திருக்கும் நாள்களில் சோர்வும் எரிச்சலும் வரும். இரவில் பலமுறை எழ நேர்வதால் உறக்கம் குலையும். உறக்கம் குலைந்தவரின் பொறுமை காலையிலேயே தீர்ந்துபோகும். "அப்பா இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறார்" என்று பிள்ளைகள் சொல்லும் வீடுகளில், அப்பாவின் குணம் மாறிவிட்டதா, குருதி மாறிவிட்டதா என்று ஒரு முறையேனும் சோதித்துப் பார்ப்பது தகும். மாறாகச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமற்ற சினம், குழப்பம் ஆகியவை தோன்றும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் திடீரெனச் சோற்றை நிறுத்தினால் இந்தத் தாழ்நிலை ஏற்படக்கூடும். இது உயிருக்கே இடர் தரவல்லது.

மாவுச்சத்தை அளவோடு குறைத்து, நார்ச்சத்தையும் புரதத்தையும் கூட்டியவரிடம் அலையின் உயரம் தணிகிறது. பிற்பகல் அயர்வு குறைகிறது, பசியின் அவசரம் குறைகிறது, உறக்கம் சீராகிறது. அம்மனிதர் அமைதி பெற்றவராகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தவரின் கதை வேறு. முதல் சில நாள்களில் உடல் தன் சேமிப்பிலுள்ள கிளைக்கோஜனையும் அதனுடன் பிணைந்த நீரையும் உப்பையும் இழக்கும். தலைவலியும் தளர்ச்சியும் சிடுசிடுப்பும் வந்து சேரும். பின்னர் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்க, மூளை அந்த மாற்று எரிபொருளுக்குப் பழகும். 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர் இந்த நிலையை வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக முன்மொழிந்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புடைய குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் அது இன்றும் பயன்படுகிறது. உணவு மூளையின் செயலை மாற்றவல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒரு நோய்க்கு மருந்தாவது எல்லாருக்கும் மகிழ்ச்சியாகிவிடும் என்று கொள்வது அவசர முடிவு. 2010களின் நடுவில் 'பேலியோ' என்ற பெயரில் தமிழ்நாட்டில் பரவிய குறை மாவுச்சத்து உணவைப் பற்றிய பேச்சுகளில் இந்த அவசரம் பலமுறை வெளிப்பட்டது.

குன்னூரில் ஓர் ஆய்வு

உணவுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்டார். 1918இல் நீலகிரியின் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ஒரு சிறிய ஆய்வுப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதன் தலைவர் இராபர்ட் மெக்காரிசன். 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அதே பிரிவுதான்.

பெரிபெரி, தீட்டிய அரிசியோடு தொடர்புடைய நோய். நெல்லின் தவிட்டோடு தைமின் என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுவதால் அது வருகிறது. ஜாவாத் தீவில் தீட்டிய அரிசி உண்ட கோழிகள் கால் துவண்டு விழுந்ததைக் கண்டு இதற்கு வழிகாட்டிய கிறிஸ்தியான் எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார். நரம்புகளைத் தாக்கும் தைமின் குறைபாடு, கால்கள் துவளுவதற்கு முன்பே எரிச்சலையும் சோர்வையும் கவனச் சிதறலையும் தரவல்லது. சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வடசர்க்கார்ப் பகுதியில் பெரிபெரி இருந்தது. நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கல் அரிசி வழக்கம் தெற்கே பலரைக் காத்தது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெல் அவித்த பாட்டிமார்களுக்குத் தைமின் என்ற சொல் தெரியாது.

மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று அமைந்த சீக்கியரின் உணவை உண்ட எலிகள் சிறப்பாக வளர்ந்தன. சோறே பெரும்பங்காக அமைந்த சென்னைப் பகுதி ஏழைகளின் உணவை உண்டவை பின்தங்கின. இன்னோர் ஆய்வில் அவர் சீக்கியரின் உணவை இங்கிலாந்து ஏழைகளின் உணவோடு ஒப்பிட்டார். பின்னதில் வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை இட்ட தேநீர், பழப்பாகு, தகரத்தில் அடைத்த இறைச்சி ஆகியவை இருந்தன. அதை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றியதோடு நிற்கவில்லை. அவை பதற்றம் மிகுந்து, பராமரிப்போரைக் கடித்தன; ஒன்றோடொன்று இணங்கி வாழவில்லை; இரண்டு மாதக் காலத்தில் வலியவை மெலியவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. சீக்கியரின் உணவை உண்டவையோ ஒரே கூண்டில் அமைதியாக வாழ்ந்தன.

எலிகளைக் கொண்டு மனிதரை அளந்துவிட முடியாது. ஆயினும் இந்த ஆய்வில் ஒரு நுட்பம் உண்டு. அமைதியாக வாழ்ந்த எலிகளின் உணவிலும் மாவுச்சத்து நிறைய இருந்தது. சப்பாத்தி மாவுச்சத்தன்றி வேறென்ன? வேறுபாடு, தானியம் தவிடு நீங்காமல் இருந்ததிலும், அதற்கு அருகில் பாலும் பருப்பும் காயும் இருந்ததிலும் இருந்தது. சோற்றின்மேல் மட்டும் குற்றம் சுமத்துவோர் இதைக் கவனிக்கத் தவறுகின்றனர். தமிழரின் தட்டில் சோறு மிகுந்ததைவிட, சோற்றுக்கு அருகில் இருக்கவேண்டியவை சுருங்கியதே பெரிய இழப்பு. விரலளவு பொரியலும் தெளிந்த இரசமும் கொண்டு குன்றளவு சோற்றை உண்ணும் வழக்கத்தில் பருப்பு, கீரை, முட்டை, மீன் ஆகியவற்றுக்கு இடமே இல்லாமற்போகிறது.

ஓராண்டுக்குப் பின்

மனிதரிடம் இதைச் சோதித்த ஆய்வுகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. உடல் எடை மிகுந்த 106 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து மிகமிகக் குறைந்த உணவு. மற்றதற்குக் கொழுப்புக் குறைந்து, மாவுச்சத்து ஏறத்தாழப் பாதியாக அமைந்த உணவு. இரு பிரிவினரும் ஓராண்டில் ஏறத்தாழ ஒரே அளவு எடை இழந்தனர். முதல் எட்டு வாரங்களில் இரு பிரிவினரின் மனநிலையும் மேம்பட்டது. ஓராண்டின் முடிவில், இரண்டாம் பிரிவினரிடம் அந்த மேம்பாடு நிலைத்தது. மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தவர்களின் மனநிலை தொடக்க நிலைக்கே திரும்பிவிட்டது. 2009இல் வெளியான இம்முடிவுக்குக் காரணமாக இருக்கக்கூடியவை என்று ஆய்வாளர் கருதியவற்றுள் ஒன்று மூளையின் செரோடோனின் தொடர்பானது. மற்றொன்று, ரொட்டியும் மாவுணவும் நிறைந்த சமூகத்தில் தாம் மட்டும் அவற்றைத் தவிர்த்து வாழ்வதன் இடர்ப்பாடு. அம்பத்தூர் உணவு வட்டத்தில் தனியாக அமர்ந்த பெட்டிக்காரருக்கு இந்த இரண்டாவது காரணத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அதே நாட்டில் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு மனச்சோர்வு நோயாளிகள் 67 பேரைப் பற்றியது. ஃபெலிஸ் ஜாக்கா என்பவரின் தலைமையில் நடந்த அதில், ஒரு பிரிவினருக்குக் காய்கறி, பழம், முழுத் தானியம், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் கொண்ட உணவு பழக்கப்படுத்தப்பட்டது. மற்றவர்களுக்கு நட்புடன் பேசிக்கொண்டிருக்க ஒரு துணை தரப்பட்டது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் முதல் பிரிவில் 32 விழுக்காட்டினர் நோய்நிலையிலிருந்து விடுபட்டனர். இரண்டாம் பிரிவில் 8 விழுக்காட்டினர். சிறிய ஆய்வுதான்; அதைக்கொண்டு மருந்தைத் தூக்கி எறிந்துவிடலாகாது. அந்த உணவில் முழுத் தானியம் இருந்தது என்பது நோக்கத்தக்கது.

சென்னையைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மேற்குறித்த சென்னை அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் இந்நகரில் 25,455 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. வருவாய் குறைந்தோரிடமும் வாழ்க்கைத்துணையை இழந்தோரிடமும் அது மிகுந்திருந்தது. மனச்சோர்வும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சோர்ந்தவர் நடைப்பயிற்சியையும் மாத்திரையையும் விட்டுவிடுகிறார், சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை மேலும் சோர்வைத் தருகிறது. இந்தச் சுழலில் இருப்பவருக்கு உணவு மாற்றம் ஒரு கைப்பிடி; வறுமைக்கும் தனிமைக்கும் அது மருந்தாகாது.

ஒரு வீட்டுத் தட்டு

தமிழர் வீட்டில் நலம் கேட்கும் சொல் "சாப்பிட்டாயா?" என்பது. அன்பைச் சொல்லத் தெரியாத தாயும் "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளப்பா" என்று சொல்லத் தெரிந்தவளாக இருக்கிறாள். நீரிழிவு வந்த மகன் கையால் தட்டை மறைத்து "வேண்டாம்மா" என்னும்போது மறுக்கப்படுவது சோறு; காயப்படுவது அந்தக் கரண்டியைப் பிடித்த கை. இருவரும் இதைப் பேசிக்கொள்வதில்லை. சில நாள்களில் தாய் தனியாக அவனுக்கு ஓர் உணவும் மற்றவர்களுக்கு ஓர் உணவும் சமைக்கத் தொடங்குகிறாள். வேலை இரட்டிப்பாகிறது, மகன் தன் வீட்டிலேயே நோயாளியாகிறான். இப்படித் தொடங்கும் உணவு முறைகள் நெடுநாள் நிற்பதில்லை.

எல்லார் தட்டும் சேர்ந்து மாறும் வீடு இதைவிட எளிதாக இதைக் கடந்துவிடுகிறது. முதலில் கூட்டும் கீரையும் பொரியலும் பரிமாறப்படுகின்றன. பிறகே சோறு, அதுவும் ஒரு கரண்டி. காய்களையும் பருப்பையும் முதலில் உண்டபின் சோற்றை உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. தாயின் கரண்டிக்கு வேலை குறைவதில்லை. "இன்னும் கொஞ்சம் கூட்டு போட்டுக்கொள்" என்று அது தொடர்ந்து பேசுகிறது. மாலையில் பஜ்ஜிக்கு மாற்றாகச் சுண்டலும் வேர்க்கடலையும் வருகின்றன. நவராத்திரிக் கொலுவுக்குப் போய்வந்த எவருக்கும் சுண்டல் அயல்நாட்டு உணவன்று.

இதில் பணத்தின் பங்கை மறைக்கலாகாது. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது; முட்டையும் மீனும் பச்சைக் காய்கறியும் அவ்வாறு கிடைப்பதில்லை. குறைந்த விலையில் கிடைக்கும் துவரம் பருப்பு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். நால்வர் உள்ள வீட்டில் அதை நாள்கணக்கில் வகுத்தால் ஒருவருக்குப் பத்துக் கிராம்கூடத் தேறாது. இரவுப்பணி முடித்து விடியற்காலையில் ஆவடி நிலையத்தில் இறங்குபவருக்குத் திறந்திருக்கும் கடைகளில் இட்லியும் பொங்கலும் பூரியும் இருக்கும். கீரையும் சுண்டலும் இரா. சோற்றைக் குறைக்காதவரை மனவுறுதி அற்றவர் என்று பழிப்போர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தபின் பேசலாம்.

வளரும் வயதினருக்கு இது முற்றிலும் வேறானது. பதினாறு, பதினேழு வயதில் உடலும் மூளையும் வளர்ச்சியில் இருக்கின்றன. விளையாட்டும் படிப்பும் மிகுந்த ஆற்றலைக் கேட்கின்றன. உடல் மெலிய வேண்டும் என்பதற்காகவோ, வகுப்பில் ஒருவர் செய்த கேலிக்காகவோ, மருத்துவர் சொல்லாமல் சோற்றை ஒழிப்பதும் காலை உணவைத் தவிர்ப்பதும் தக்கன அல்ல. பசித்த வயிற்றோடு முதல் பாடவேளையில் அமர்ந்திருப்பவர் கரும்பலகையைவிடக் கடிகாரத்தையே மிகுதியாகப் பார்ப்பார். அவர் செய்யத்தக்க மாற்றம் ஒன்று உண்டு: தட்டில் சோற்றுக்கு அருகில் உள்ளவற்றை வளரவிடுவது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உணவுப் பொருள்களைப் பட்டியலிடவில்லை. முன் உண்டது செரித்ததா, பசித்ததா, அளவு என்ன என்பவற்றையே மிகுதியாகக் கேட்கிறது. விலக்கப்பட்ட உணவுகளின் நீண்ட பட்டியலைச் சுவரில் ஒட்டிவைப்பதைவிட அக்கேள்விகள் மனத்துக்கு இதமானவை.

தைப்பொங்கல் நாளில் பூவிருந்தவல்லிப் பகுதித் தெருக்களில் புதுப்பானை பொங்கும்போது, சோற்றைக் குறைத்த வீட்டிலும் வெல்லத்தின் மணம் எழும். நீரிழிவு உடைய பெரியவருக்கும் அன்று சிறிய கிண்ணத்தில் இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைக்கப்படுகிறது. அவர் அதை எல்லாரோடும் அமர்ந்து உண்கிறார். அன்று நண்பகலில் அவர் தட்டில் மொச்சையும் அவரையும் பூசணியும் கலந்த பொங்கல் குழம்பு நிறைய இருக்கிறது. சோறு சற்றுக் குறைவாக விழுகிறது. மாலையில் பேரப்பிள்ளைகளோடு அவர் ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வருகிறார்.